இனாஸின் நோன்பும் மாத்திரையும்

ரமலான் மாதத்தில் ஒரு மனுஷி தூங்கவில்லை என்றால் யாராவது ஏன் என்று கேட்பார்களா? எங்கள் ஷுப்ரா பேட்டையில் கேட்க மாட்டார்கள். அந்த மாதம் முழுக்க இங்கே ராத்திரிதான் பகல். சாப்பிடவில்லை என்றாலும் கேட்க மாட்டார்கள், நோன்பு என்பார்கள். கை நடுங்கினால் நோன்பு. சின்ன விஷயத்துக்குச் சீறினால் நோன்பு. ஆள் பாதியாக இளைத்துப் போனால் அதற்கும் நோன்பு, கூடவே ஒரு மாஷா அல்லாஹ். நான்காவது மாடி இனாஸுக்கு நடந்ததைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, ஆனாலும் ஒருவர் புத்திக்கும் அது எட்டவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

இனாஸ் கெட்டிக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் அவள் புத்தி ஓரிடத்தில் உட்காராது. பள்ளிக்கூடத்தில் கணக்கைப் பாதி போட்டுவிட்டு மீதியை மறந்துவிடுவாள். வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. ஒருவனுடைய விவாகரத்து மனுவில் இன்னொருவன் பெண்டாட்டி பேரை அடித்து வைத்தாள். அந்த இன்னொருவன் ஆபீஸுக்கு வந்து ஆடிய ஆட்டத்தில் அன்றைக்கே வேலை போயிற்று. கல்யாணமாகி வந்த பிறகு கரியாத சட்டி இல்லை, பொங்கி வழியாத பால் இல்லை. புருஷன் ஹம்தி மெட்ரோவில் டிக்கெட் கொடுக்கிறவன், பொறுமைசாலி. வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, "இதையும் தொலைச்சேன்னா அடுத்து உன்னைத்தான் கட்டி வைக்கணும்" என்பான். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

சிரிப்பெல்லாம் அந்தச் சந்தை நாளோடு போயிற்று. காய்கறி வாங்கப் போனவள் கத்தரிக்காயோடு வீடு திரும்பி, கூடையை இறக்கி, காயை எடுத்து வைத்து, குழாயைத் திறந்து கையைக் கழுவும்போதுதான் கூட வந்த பிள்ளை கூட வரவில்லை என்பது உறைத்தது. தஸ்னீமுக்கு அப்போது நாலு வயசு. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பிள்ளை தர்பூசணிக் கடையில் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது இனாஸுக்குத்தான். அன்றையிலிருந்து, என் பிள்ளையை நானே தொலைத்துவிடுவேன் என்ற பயம் அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பயத்தில்தான் டாக்டர் மெர்வத்திடம் போனாள். பெரியவர்களுக்கும் கவனக் குறைபாடு உண்டு, அதற்கு மருந்து உண்டு என்று அவர் சொன்னபோது இனாஸ் அழுதுவிட்டாள். இத்தனை வருஷமாகத் தான் சோம்பேறியும் இல்லை, பொறுப்பற்றவளும் இல்லை என்று யாரோ தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது மனசு சரியில்லாமப் போயிருக்கா? இல்லாத சத்தம் கேக்குறது, எல்லார் மேலயும் சந்தேகப்படுறது, அந்த மாதிரி?"

துணைக்கு வந்திருந்த இனாஸின் அம்மா, மகள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள். "அல்லாஹ் காப்பாத்தணும்! எங்க குடும்பத்துல அப்பிடியெல்லாம் யாரும் கிடையாது டாக்டர்." மேஜைக்கு அடியில் மகள் தொடையில் ஒரு கிள்ளு. தாய்மாமன் ஃபத்ஹி பாதி ஆயுசை மஞ்சள் மாளிகையில் கழித்தவர். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஊரில் அதுதான் பேர். கேட்கிறவர்களுக்கு மாமா லிபியாவில் வேலை பார்க்கிறார். குடும்ப மானமாம். பெண்ணின் மூளையைவிட அந்த மானம் பெரிதாகப் போய்விட்டது, என்ன சொல்ல.

டாக்டர் அதை நம்பி, ஆனாலும் எச்சரிக்கையாகவே எழுதிக் கொடுத்தார். "காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. நேரத்த நீயா மாத்தாத. கூட்டிப் போடாத. அபூர்வமா சில பேருக்கு இது புத்தியப் புரட்டிடும். தூக்கம் போச்சுன்னாலும், யாரும் கூப்பிடாமலே கூப்பிடுற மாதிரி கேட்டாலும், அன்னைக்கே நிறுத்திட்டு எனக்கு போன் போடு. பயப்படாத, சீக்கிரம் வந்தா சரி பண்ணிடலாம்."

மாத்திரை வேலை செய்தது. அதை யாரும் மறைக்க வேண்டாம், அந்த மருந்தால் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். பருப்பு சூப் கரியாமல் இறங்கியது. துணி மழைக்கு முன்னால் கொடியிலிருந்து வீட்டுக்குள் வந்தது. ஒரு நாள் தஸ்னீம் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு நீளமான, தலையும் வாலும் இல்லாத சண்டையைச் சொல்லி முடித்துவிட்டு அம்மா முகத்தையே பார்த்தது.

"அம்மா, நீ முழுசாக் கேட்டே!"

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மாத்திரைக்குக் கோயில் கட்டச் சொன்னாலும் கட்டியிருப்பாள், நம் மார்க்கத்தில் இடமில்லையே என்றுதான் விட்டாள்.

பிறகு ரமலான் வந்தது. மதிய மாத்திரையை எப்படி விழுங்குவது? நோயாளி நோன்பை விடலாம், குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் விட்டால் இரண்டாம் மாடியில் இருக்கும் மதினி விதாத் சும்மா இருப்பாளா? ஹம்தியின் அக்கா அவள். "ஏன் நோன்பு இல்ல? என்ன சீக்கு? டாக்டர் பேரு என்ன? எந்த டாக்டர்?" என்று நூல் பிடித்துக்கொண்டே போவாள். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு வழி சொல்லியிருப்பார். அதற்கும் வெட்கம். இனாஸ் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். மதிய மாத்திரையையும் சஹர் சாப்பாட்டோடேயே போட்டுவிட்டால் தீர்ந்தது. இரண்டையும் சேர்த்து, விடிவதற்கு முன்னால், ஒரே மடக்குத் தண்ணீரில்.

காலை முழுக்கப் பறந்தாள். பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வந்தால் மருந்து இறங்கி, பழைய இனாஸ் ஆகி, உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே உப்பு தேடினாள். ரமலானில் வேலையே அதற்கப்புறம்தானே? அதனால் நோன்பு திறந்ததும் இன்னொன்று போட்டுக்கொண்டாள். முன்பு போட மறந்த நாள்களில் மிஞ்சிய மாத்திரைகள் ஒரு பட்டை கையில் இருந்தது. அவ்வளவுதான். தூக்கம் விடைபெற்றுக்கொண்டு போயிற்று.

தூங்காதவள் என்ன செய்வாள்? கஹ்க் செய்தாள். பெருநாளுக்கு நெய்யும் மாவும் பிசைந்து, பல் வைத்த இடுக்கியால் மேலே கோடு கிள்ளி, சுட்டெடுத்துச் சர்க்கரைப் பொடி தூவும் கஹ்க் இல்லாமல் இங்கே ஒரு வீட்டில் பெருநாள் விடியாது. முதலில் தன் வீட்டுக்குச் செய்தாள், பிறகு மதினிக்கு, பிறகு கட்டடத்துக்கே. தட்டுத் தட்டாக பேக்கரி அடுப்புக்குப் போய் வந்தாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. பல்லை நெறநெறவென்று கடித்துக்கொண்டே இருந்தாள், உதட்டோரம் வெடித்திருந்தது.

"இந்த வருஷம் உனக்கு என்னடி ஆச்சு, சிங்கம் மாதிரி நிக்கிறே!" என்றாள் விதாத். "வானத்து மலக்குமாரே எறங்கி வந்து கை குடுக்குறாங்க போல. நான் நடக்கவே முடியாமக் கெடக்குறேன். எங்க தம்பி இப்பதான் குடுத்து வச்சவன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக மதினி வாயால் பாராட்டு. இனாஸ் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டதில் என்ன ஆச்சரியம்?

சஹருக்கு எழுப்ப எங்கள் தெருவில் ஷாபான் கொட்டடித்துக்கொண்டு வருவார். பகலில் அவர் இஸ்திரிக்காரர், தெருமுனையில் கடை. ரமலானில் மட்டும் கையகலக் கொட்டும் தோல் வாருமாக வந்து, வீட்டு வாசலில் நின்று பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். பேரைக் கொடுத்து வைப்பது அப்பா அம்மா வழக்கம். தன் பேர் தெருவில் ஒலிப்பதைக் கேட்கப் பிள்ளைகள் தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்கும்.

மாதம் பாதி தாண்டிய ஒரு நாள், "தஸ்னீம்! ஹம்தி மக தஸ்னீம்! எந்திரி, அல்லாஹ்வை நெனை!" என்று கீழிருந்து குரல் வந்தது. பிள்ளை கட்டில் மேல் குதித்தது. இனாஸோ ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். இவனுக்கு எப்படி என் பிள்ளை பேர் தெரியும்? நான் சொல்லவில்லையே? ஏன் நம் வாசலில் மட்டும் இத்தனை நேரம் நிற்கிறான்?

எல்லார் வாசலிலும் அவ்வளவு நேரம்தான் நின்றார். அதை யார் அவளுக்குச் சொல்வது?

அடுத்த நாள் பள்ளிக்கூட உடுப்பை இஸ்திரி போட்டு ஷாபான் கொண்டுவந்து கொடுத்தார். "மாஷா அல்லாஹ், பாப்பா வளந்துட்டா. மடிப்பப் பிரிச்சு விட்டுருங்க தங்கச்சி" என்றார். இனாஸ் கதவைச் சாத்திவிட்டு அந்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் அளவு இவனுக்குத் தெரியும். தோள் அகலம் தெரியும், உயரம் தெரியும். வாராவாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேனே! அன்றையிலிருந்து இஸ்திரிக்கு ஒரு துணிகூடப் போகவில்லை.

பேக்கரி வரிசையில் தலைமேல் தட்டோடு நின்றபோதுதான் பட்டப்பகலில் கொட்டுச் சத்தம் கேட்டது. டும், டுடும். பக்கத்துச் சந்திலிருந்து. பிறகு குரல், தஸ்னீம், தஸ்னீம் என்று, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

"கொட்டுச் சத்தம் கேக்குதா?" என்று முன்னால் நின்றவளைக் கேட்டாள்.

"எனக்குக் காதுல மணியே அடிக்குதும்மா. பட்டினியில மோதினார் இல்லாமலே பாங்கு கேக்குது. இன்னும் எத்தன நேரம் இருக்கு நோன்பு தெறக்க?" வரிசையே சிரித்தது.

இனாஸ் சிரிக்கவில்லை. கூட நின்ற தஸ்னீமிடம் குனிந்தாள். இப்போது பிள்ளைக்கு ஆறு வயசு. பிள்ளையின் கையைப் பிடித்த பிடியை அவள் அந்த வாரம் முழுக்க விட்டிருக்கவில்லை, கழிப்பறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்றாள். "உனக்குக் கேக்குதா கண்ணு? நெஜத்தச் சொல்லு."

தஸ்னீம் அம்மா கண்ணைப் பார்த்தது. அந்தக் கண் இமைக்காமல் விரிந்திருந்தது.

"கேக்குதும்மா."

அப்படியானால் என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது! ஒரு கணம் ஆறுதல், மறுகணமே அதைவிடப் பெரிய திகில். சத்தம் நிஜமென்றால் ஆபத்தும் நிஜம். தட்டை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் பிள்ளையிடம்தான் சரிபார்த்தாள். மாடிப்படியில் யாரோ நிற்கிறார்களா? நிக்கிறாங்கம்மா. குழாய்க்குள் பேசுகிறார்களா? பேசுறாங்கம்மா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினாள்.

ஹம்தியிடம் சொல்லாமல் இல்லை. நோன்பு திறந்து, அவன் பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "ஷாபானுக்கு நம்ம பிள்ள மேல கண்ணு. பேரச் சொல்லிக் கூப்பிடுறான். யார் குடுத்தா அவனுக்குப் பேர?"

ஹம்தி விழுந்து விழுந்து சிரித்தான். "நான்தான்டி குடுத்தேன்! உங்க ரெண்டு பேருக்கும் தெரியாமக் குடுத்து வச்சேன். பாப்பா மூஞ்சியப் பாத்தியா அன்னைக்கு? நோன்பு உன் தலைக்கு ஏறிடுச்சு போ, போய்ச் செத்த நேரம் படு."

இனாஸின் கையிலிருந்த சூப் கரண்டி தட்டில் விழுந்தது. நீங்கள்தான் கொடுத்தீர்களா. பிள்ளையைப் பெற்ற நீங்களே கொடுத்தீர்களா. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் கையால் கொடுத்த எதையும் பிள்ளையைச் சாப்பிட விடவில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. காலை வெயில் அடுப்படி ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது, தஸ்னீம் அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தது. யாரும் கூப்பிடாமலே கூப்பிடுற மாதிரி கேட்டா. இதுதானோ? யா அல்லாஹ், இதுதானோ? அவள் போனை எடுத்து டாக்டர் பேரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அப்போது ஃபத்ஹி மாமா ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அம்மாவோடு போய் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, தன் சொந்தத் தங்கையிடம், நீ யார் அனுப்பின ஆள் என்று கேட்டார். நானும் அங்கே போய்விட்டால்? தஸ்னீமை வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டி வந்து காட்டுவார்களா? அல்லது அம்மா லிபியாவில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார்களா?

போனைக் கீழே வைத்தாள். குழம்பிய புத்தியோடு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, முதலில் தெளிவாக யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள். தெளிவாக யோசிப்பதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பிள்ளை முழிக்காதபடி மெல்ல எட்டி, பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். நோன்பு முறிந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள், மத்தியானம் தாண்டியதும், கொட்டுக்காரர் வீடு வீடாக ஏறி வருவார். மாதம் முழுக்க எழுப்பியதற்கு ஒரு தட்டு கஹ்க், ஏதோ கையில் கொஞ்சம். பின்னால் தெருப் பிள்ளைகள் பட்டாளமாக வரும். ஒவ்வொரு கதவு முன்னாலும் அந்தந்த வீட்டுப் பிள்ளை பேரைச் சொல்லிக் கொட்டடிப்பார், அந்தப் பிள்ளை வெளியே வந்து தட்டைக் கொடுக்கும்.

இனாஸ் கடைசித் தட்டுக்குச் சர்க்கரைப் பொடி தூவிக்கொண்டிருந்தாள். கீழ்ப் படிக்கட்டில் டும், டுடும்.

"கேக்குதா தஸ்னீம்?"

"கேக்குதும்மா."

இந்தத் தடவை அது உண்மையாகவே கேட்டது. அதுதான் கொடுமை. கூடத்தில் படுத்திருந்த ஹம்தி எழுந்து உட்கார்ந்து, "ஷாபான் வந்துட்டாரு! பாப்பாவுக்கு நல்ல கவுனாப் போட்டு வாசலுக்கு அனுப்பு" என்றான்.

நல்ல கவுன் போட்டு அனுப்பணுமாம். இனாஸ் பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். சர்க்கரைப் பொடி தட்டோடு தரையில் கொட்டியது. கதவைத் திறந்து மேல் படிக்கட்டில் ஏறினாள், கீழே சத்தம் மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது. ஹம்தி பின்னாலிருந்து, "ஷாபான் அண்ணே, உங்களுக்குப் பயந்து மொட்டமாடிக்கு ஓடுறாங்க, விடாதீங்க, பிடிங்க!" என்று சிரித்துக்கொண்டே கத்தினான். பாவி மனுஷன், விளையாட்டு என்று நினைத்தான். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பிறகு எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டான் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும்.

மாடிக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வெயில் கண்ணைக் குத்தியது. டிஷ் ஆன்டெனாக்கள் எல்லாம் தன் பக்கமே திரும்பியிருந்த மாதிரி இருந்தது. புறாக்கூட்டைத் தாண்டி ஓடினாள். அடுத்த கட்டடத்தின் மாடி எட்டிப் பிடிக்கிற தூரம்தான், நடுவில் புறா வளர்க்கிற பையன்கள் போட்டு வைத்த ஒற்றைப் பலகை. கீழே பார்த்தால் நாலு மாடிக்கும் அடியில் குப்பைச் சந்து. அந்தப் பலகை பூனை நடந்தாலே வளையும்.

கதவு தடதடத்தது. "தஸ்னீம்! கஹ்க் குடுக்காம எங்க ஓடுறே?" ஷாபான் குரல். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் இனாஸுக்கு மட்டும் கேட்டவை வேறு. அவளை விடு. பிள்ளையைப் பிடி. சுத்தி வளைங்க. ஆம்பளைக் குரல்கள், நிறைய.

மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து ஒரு காலை அந்தப்பக்கம் போட்டுப் பலகையை மிதித்துப் பார்த்தாள். பலகை முனகியது. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கினாள்.

"தஸ்னீம், கதவுக்குப் பின்னால எத்தன பேரு? சீக்கிரம் சொல்லு. எத்தன பேரு பேசுறாங்க?"

பிள்ளை அம்மா முகத்தில் விடையைத் தேடியது. இத்தனை நாளும் அங்கேதான் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறது.

"சொல்லுடி! எத்தன பேரு?"

"நீ எத்தன சொல்றியோ அத்தனம்மா."

இனாஸின் கால் பலகை மேலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னே?"

தஸ்னீம் அழ ஆரம்பித்தது. "பத்தும்மா. பத்துப் பேரு. நூறு. நீயே சொல்லும்மா, நான் சரின்னு சொல்றேன்."

"பேக்கரில கொட்டு கேட்டுச்சே. அன்னைக்கு. கேட்டுச்சா இல்லையா?"

"இல்ல."

"குழாய்க்குள்ள?"

"இல்லம்மா. கோவப்படாதம்மா."

"இப்ப என்ன கேக்குது? உனக்கு. உனக்கு மட்டும். நான் அடிக்க மாட்டேன், சொல்லு கண்ணு."

பிள்ளை விக்கிக்கொண்டே யோசித்தது. "ஷாபான் மாமா சிரிக்கிறாரு. பசங்க கத்துறாங்க. நீ பல்லக் கடிக்கிற சத்தம்."

"பயமா இருக்கா உனக்கு?"

தலையை ஆட்டியது.

"யாரப் பாத்து?"

பிள்ளை தன் கையைப் பற்றியிருந்த அம்மாவின் கையைப் பார்த்தது. அந்தப் பிடியில் பிள்ளையின் விரல்கள் வெளுத்திருந்தன. கவுன் நனைந்து, இனாஸின் இடுப்பெல்லாம் ஈரம். எப்போது நனைத்ததோ, இவளுக்குத் தெரியவே இல்லை.

குரல்கள் நின்றுவிட்டனவா? எங்கே நின்றன! முன்னைவிட உரக்கக் கத்தின. கதவுக்கு அந்தப்பக்கம் கூட்டமாக நிற்கிறார்கள் என்று அவள் உடம்பின் ஒவ்வொரு நரம்பும் சத்தியம் செய்தது. ஷாபான் பிள்ளைபிடிக்கிறவன், அதில் அவளுக்கு அப்போதும் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பக்கம், தன் கைக்குள், இடுப்பளவுச் சுவரின் மேல், பிள்ளை நடுங்குவது யாருக்குப் பயந்து என்பதும் தெரிந்துவிட்டது. சந்தையில் தொலைத்தபோதுகூட இந்தப் பிள்ளை பயப்படவில்லையே! இரண்டு பயத்துக்கும் நடுவில் அவள் எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, அவளுக்கும் தெரியாது.

காலை உள்ளே எடுத்தாள். இறங்கினாள். கதவை நோக்கி நடந்தாள், ஒவ்வொரு அடிக்கும் போகாதே போகாதே என்று காதுக்குள் கத்தியது. தாழ்ப்பாளைத் திறக்கும்போது அவள் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமே இல்லை என்று அங்கே நின்ற பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

ஷாபான் சிரித்த முகத்தோடுதான் நின்றார். அவளைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே செத்துப் போனது. "தங்கச்சி, என்னம்மா ஆச்சு?"

"பிடிங்க" என்று பிள்ளையை அவர் கையில் திணித்தாள். "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. அவ அப்பாகிட்டக் குடுங்க. டாக்டர் மெர்வத்துக்கு போன் போடச் சொல்லுங்க. நான் கேட்டாக் குடுக்காதீங்க. எப்பிடிக் கேட்டாலும் குடுக்காதீங்க அண்ணே, சத்தியம் பண்ணுங்க."

அவர் கொட்டைத் தரையில் போட்டுவிட்டு, "வல்லாஹி, குடுக்க மாட்டேன்" என்றார். தஸ்னீம் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

இனாஸ் சுவரில் சாய்ந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்தாள். காலியான கைகளைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நிமிர்ந்து பார்த்தால், பிள்ளை அவன் கையில் இருந்தது.

"குடுங்க" என்று எழுந்தாள். "குடுங்க அண்ணே. என் பிள்ள. எனக்குச் சரியாயிடுச்சு, பாருங்க, நல்லாத்தான பேசுறேன்? குடுங்க என் பிள்ளைய!"

ஷாபான் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு படியில் ஒரு அடி பின்வாங்கினார். கண்ணில் நீர் முட்ட, "ஹம்தி, மேல வாடா!" என்று அடித்தொண்டையில் கத்தினார். பிள்ளையைக் கொடுக்கவில்லை.